பிசிறு ஓரப் படங்கள்: கமாண்ட் லைனில் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமாண்ட் லைனில், அதாவது கட்டளையை டைப் செய்து, படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் என்ற இலவச நிரலை வைத்துக் கிழிந்த காகிதம் மாதிரி அட்டை, குறிப்புச் சீட்டு, தலைப்புப் பட்டை என்று சின்னச் சின்னப் படங்கள் செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஆப்ஷன் பெயர்களை ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது அந்த ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி போட வேண்டும். பிளஸ் குறி வர வேண்டிய இடங்களில் தனியாகச் சொல்கிறேன். எண்களுக்கு நடுவில் × இருந்தால் அங்கே சிறிய எக்ஸ் எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு போட்டோ எடிட்டரில் பிரஷ் எடுத்து ஓரத்தை அழித்தால் முடிந்ததே, கமாண்ட் லைன் எதற்கு?

ஒரே ஒரு படம் என்றால் எடிட்டரே போதும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாற்பது அட்டை செய்ய வேண்டும், நாளைக்கு அளவு மாறும், மறுநாள் பின்னணி நிறம் மாறும் என்றால்தான் கட்டளை கைகொடுக்கும். ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினால் நாற்பதும் புதிதாக வந்துவிடும்.

எந்தக் கருவி? பழைய கட்டுரைகளில் ஒரு கட்டளை, புதியவற்றில் வேறு கட்டளை இருக்கிறதே?

இமேஜ்மேஜிக். ஜான் கிறிஸ்டி என்பவர் டூபான்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது 1987ல் எழுதத் தொடங்கியது. 1990ல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. அதிலிருந்து 2002ல் பிரிந்து போனது கிராஃபிக்ஸ்மேஜிக்.

ஆறாம் பதிப்பு வரை கட்டளையின் பெயர் கன்வெர்ட். ஏழாம் பதிப்பிலிருந்து மேஜிக். ஆங்கிலத்தில் சி-யும் கே-யும் சேர்ந்து முடியும், அந்தக் கே-யை விட்டுவிட்டு "கட்டளை இல்லை என்கிறதே" என்று கேட்பவர்கள் இன்னமும் உண்டு. விண்டோஸில் கன்வெர்ட் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு சிஸ்டம் கட்டளை இருக்கிறது. அது டிஸ்கின் ஃபைல் அமைப்பை என்டிஎஃப்எஸ் ஆக மாற்றுவது, படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே மேஜிக் என்றே பழகிக்கொள்ளுங்கள். கீழே சொல்வதெல்லாம் ஏழாம் பதிப்பை வைத்துத்தான்.

படத்தின் மேலேயே ஸ்ப்ரெட் போட்டேன். ஓரம் மட்டுமல்ல, படம் முழுக்க மணல் தூவின மாதிரி ஆகிவிட்டது.

ஆகத்தான் செய்யும். ஸ்ப்ரெட் என்ற ஆப்ஷனுக்கு ஓரம் எது, நடு எது என்று தெரியாது. ஒவ்வொரு பிக்சலுக்கும் அக்கம்பக்கத்தில் குருட்டாம்போக்கில் ஒரு பிக்சலைப் பொறுக்கி வந்து வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

பிசிறைப் படத்தில் செய்யக் கூடாது, மாஸ்கில் செய்ய வேண்டும். மாஸ்க் என்பது படத்தின் அதே அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை இருக்கும் இடத்தில் படம் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும். மாஸ்கின் நடுப்பகுதி முழுக்க ஒரே வெள்ளை. வெள்ளைப் பிக்சலை எடுத்து இன்னொரு வெள்ளைப் பிக்சல் இருந்த இடத்தில் வைத்தால் என்ன தெரியப்போகிறது? ஒன்றும் தெரியாது. வெள்ளையும் கறுப்பும் சந்திக்கிற கோட்டில் மட்டும்தான் கலவரம் நடக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். இந்தப் பக்கத்தில் மற்ற எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள், பாதிச் சந்தேகம் தானாகத் தீரும்.

சரி, முதல் படத்தை எப்படிச் செய்வது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

640க்கு 440 அளவில், கோதுமை நிறத்தில், நாலு பக்கமும் கிழிந்த ஒரு வெற்று அட்டை. இரண்டே கட்டளை.

முதல் கட்டளை மாஸ்க் செய்வதற்கு. மேஜிக் என்று தொடங்கி, சைஸ் 600×400. அடுத்து எக்ஸ்சி, ஒரு கோலன், ஒயிட், நடுவில் இடைவெளி இல்லாமல். எக்ஸ்சி என்றால் ஒரே நிறத்தில் வெற்றுப் பலகை, கேன்வாஸ் என்றும் எழுதலாம். பிறகு பார்டர்கலர் பிளாக், பார்டர் 20. இப்போது சுற்றிலும் இருபது பிக்சல் கறுப்பு வரப்பு கட்டி, மொத்தம் 640×440 ஆகிவிட்டது. இனிதான் விஷயம்: ஸ்ப்ரெட் 10, ப்ளர் 0×3, த்ரெஷோல்ட் 50%, ஸ்ப்ரெட் 1, ப்ளர் 0×0.7. கடைசியில் மாஸ்க் என்று ஒரு பெயர் கொடுத்து பிஎன்ஜியாகச் சேமியுங்கள்.

இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சேமித்துப் பாருங்கள். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் விளக்கமே தேவைப்படாது. முதல் ஸ்ப்ரெட்டுக்குப் பிறகு கோடு இருந்த இடத்தில் சுண்ணாம்புப் பொடி சிந்தின மாதிரி இருக்கும். ப்ளர் போட்டதும் பொடி கரைந்து சாம்பல் நிறப் புகையாகும், ஆனால் சமமான புகை அல்ல, அங்கங்கே அடர்த்தி கூடிக் குறைந்து இருக்கும். த்ரெஷோல்ட் வந்து பாதிக்கு மேல் வெளுத்ததை முழு வெள்ளையாகவும் மற்றதை முழுக் கறுப்பாகவும் வெட்டும். இப்போது மேடு பள்ளமான ஓரம் கிடைத்துவிட்டது, ஆனால் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி இருக்கும். இரண்டாவது ஸ்ப்ரெட் 1 காகித நாரின் சொரசொரப்பைக் கொடுக்கும், கடைசிச் சின்ன ப்ளர் பல்லுப்பல்லாகத் தெரிவதை அடக்கும்.

ப்ளரில் முதல் எண் பூஜ்ஜியம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதை நீயே முடிவு செய்துகொள் என்று கருவியிடம் விடுவதுதான் அந்தப் பூஜ்ஜியம். நாம் மாற்றுவது இரண்டாவது எண்ணை மட்டும்.

இரண்டாம் கட்டளை அட்டையை வெட்டுவதற்கு. மேஜிக், சைஸ் 640×440, எக்ஸ்சி கோலன் வீட், மாஸ்க் கோப்பின் பெயர், ஆல்ஃபா ஆஃப், கம்போஸ் காப்பிஆல்ஃபா, காம்போசிட், கடைசியில் அட்டை என்று ஒரு பெயரில் பிஎன்ஜி. ஆறாம் பதிப்பில் காப்பிஆல்ஃபா இருக்கும் இடத்தில் காப்பிஒபாசிட்டி என்று எழுத வேண்டும். முடிந்தது.

ஸ்ப்ரெட் 10 போட்டும் ஓரம் கொஞ்சம்தான் அசைகிறது. 10 என்றால் பத்துப் பிக்சல் உள்ளே வெளியே போக வேண்டாமா?

இந்தச் சந்தேகம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. எண்ணைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக் கடுப்பானதுதான் மிச்சம்.

நடப்பது இது. ஸ்ப்ரெட் போட்டதும் ஓரத்துப் பிக்சல் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பூவா தலையா போடுகிறது. ப்ளர் 3 என்பது கிட்டத்தட்ட நூற்றுப்பத்துப் பிக்சல்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதற்குச் சமம். நூற்றுப்பத்துக் காசைச் சுண்டினால் ஏறத்தாழ பாதி பூ, பாதி தலை விழும். எல்லாக் காசும் பூவாக விழுவது நடக்காத காரியம். ஆகவே சிதறல் இருபது பிக்சல் அகலத்தில் இருந்தாலும், சராசரி எடுத்து வெட்டிய பிறகு கோடு பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

கணக்காகச் சொன்னால், ஸ்ப்ரெட் எண்ணை ப்ளர் எண்ணால் வகுத்து, வருவதை இன்னும் மூன்றரையால் வகுங்கள். ஓரம் சராசரியாக எத்தனை பிக்சல் தள்ளாடும் என்பது சுமாராகக் கிடைக்கும். 10ஐ 3ஆல் வகுத்து, மூன்றரையால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கும் கீழே. அங்கங்கே அதன் இரண்டு மடங்கு, அபூர்வமாக மூன்று மடங்கு வரும். அவ்வளவுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. படம் நாலு மடங்கு பெரிது என்பதால் ஸ்ப்ரெட்டையும் ப்ளரையும் நாலு மடங்காக்கினால், விகிதம் மாறவில்லை அல்லவா, தள்ளாட்டமும் அதே ஒரு பிக்சல்தான். பெரிய படத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஓரம் கிழிந்த மாதிரி இல்லாமல் லேசாக ஈரத்தில் ஊறின மாதிரி வரும். ப்ளரைக் குறைத்தால் பள்ளம் ஆழமாகும், ஆனால் ரொம்பக் குறைத்தால் ஓரத்தை ஒட்டித் தீவு தீவாகத் துணுக்குகள் மிதக்கும்.

அப்படியானால் பெரிய படத்துக்கு என்ன வழி?

மாஸ்கைச் சின்னதாகச் செய்து பிறகு பெரிதாக்குவது. 640×440 வேண்டும் என்றால் நாலில் ஒரு பங்கில் தொடங்குங்கள்: 150×100 வெள்ளை, 5 பிக்சல் கறுப்பு வரப்பு, ஆக 160×110. ஸ்ப்ரெட் 4, ப்ளர் 0×1. இங்கே ஓரம் ஒரு பிக்சலுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளாடும். இப்போது ரீசைஸ் 640×440. ஒரு பிக்சல் தள்ளாட்டம் நாலரைப் பிக்சலாகிவிட்டது, ஒரு செலவும் இல்லாமல்.

வரிசையில் மட்டும் கவனம். ரீசைஸுக்குப் பிறகுதான் த்ரெஷோல்ட் வர வேண்டும். முதலில் வெட்டிவிட்டுப் பெரிதாக்கினால் படிக்கட்டு படிக்கட்டாக வரும். புகையாக இருக்கும்போதே பெரிதாக்கி அப்புறம் வெட்டினால் வழுவழுப்பான வளைவுகள் கிடைக்கும், அதன் மேல் ஸ்ப்ரெட் 1, ப்ளர் 0×0.7. மூவாயிரம் பிக்சல் அகலமான போட்டோவுக்கும் இதே 160 பிக்சல் மாஸ்க் போதும். நேரமும் மிச்சம், பெரிய படத்தில் பெரிய ப்ளர் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசி அளவைச் சதவீதமாகக் கொடுக்காதீர்கள். 1001 பிக்சல் படத்தைக் காலாக்கி மறுபடி நாலு மடங்காக்கினால் 1000தான் வரும், மாஸ்கும் படமும் பொருந்தாது. போட்டோவின் அகல உயரத்தை அப்படியே எண்ணாகக் கொடுத்து, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி போடுங்கள். விகிதத்தைப் பற்றிக் கவலைப்படாதே, சொன்ன அளவுக்கே இழு என்று அதற்கு அர்த்தம். லினக்ஸ் டெர்மினலில் ஆச்சரியக்குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போடுவது நல்லது, இல்லையென்றால் அது பழைய கட்டளைகளைத் தேடப் போய்விடும்.

கீழ்ப்பக்கம் மட்டும் கிழிந்திருக்க வேண்டும், மற்ற மூன்று பக்கமும் நேராக.

கறுப்பு வரப்பைக் கீழே மட்டும் கட்டுங்கள். பார்டர் வேண்டாம். பேக்கிரவுண்ட் பிளாக், கிராவிட்டி சவுத், ஸ்ப்ளைஸ் 0×20 போட்டால் அடியில் மட்டும் ஒரு கறுப்புப் பட்டை சேரும். மற்றப் பக்கங்களில் வெள்ளை அப்படியே விளிம்பு வரை போகிறது. விளிம்புக்கு வெளியே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இமேஜ்மேஜிக் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பதில், விளிம்பில் இருந்த நிறமே வெளியிலும் தொடர்கிறது என்பது. அதனால் அந்த மூன்று பக்கமும் நூல் பிடித்த மாதிரி நிற்கும். வெர்ச்சுவல்-பிக்சல் பிளாக் என்று நீங்களாக எங்காவது எழுதியிருந்தால்தான் அது கெடும்.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு வேறு ஓரம் வருகிறது. நேற்று வந்தது அழகாக இருந்தது!

சீட் (விதை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) என்ற ஆப்ஷன். சீட் 42 என்று ஸ்ப்ரெட்டுக்கு முன்னால் எழுதினால் ஒவ்வொரு முறையும் அதே ஓரம். பின்னால் எழுதினால் பயனில்லை. நான் 1 முதல் 20 வரை சீட் கொடுத்து இருபது மாஸ்க் செய்து, பிடித்த நாலைந்தை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவேன். வேறு கணினியில் வேறு பதிப்பு இருந்தால் அதே எண் வேறு ஓரம் தரலாம், ஆகவே பிடித்த மாஸ்கைக் கோப்பாகவே பத்திரப்படுத்துவது மேல்.

ஜேபெக்காகச் சேமித்தேன், கிழிசலையே காணோம்.

ஜேபெக்கில் ட்ரான்ஸ்பரன்ட் என்ற சமாச்சாரமே கிடையாது. காப்பிஆல்ஃபா படத்தின் நிறத்தைத் தொடுவதில்லை, இங்கே தெரியாதே என்று ஒரு குறிப்பை மட்டும் பக்கத்தில் எழுதி வைக்கிறது. ஜேபெக் அந்தக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிடுவதால் பழைய நேர்க்கோட்டு ஓரம் மறுபடி வந்து நிற்கிறது. நிழல் சேர்த்த படமாக இருந்தால் அந்த இடமெல்லாம் கறுப்பாக வரும், காரணம் ஒன்றுதான்.

பிஎன்ஜி அல்லது வெப்பியில் சேமியுங்கள். ஜேபெக்தான் வேண்டும் என்று எதிர்ப்பக்கம் அடம் பிடித்தால், சேமிப்பதற்கு முன் பேக்கிரவுண்ட் ஒயிட், ஃப்ளாட்டன். படம் போய் உட்காரப்போகும் பக்கத்தின் நிறம் வெள்ளை இல்லை என்றால் அந்த நிறத்தைக் கொடுங்கள்.

கிழிந்த ஓரம் அல்ல, கரையான் அரித்த மாதிரி, பழைய வரைபடம் மாதிரி ஆழமான குடைவுகள் வேண்டும்.

அதற்கு ஸ்ப்ரெட்டை விட நாய்ஸ், அதாவது தாறுமாறாகத் தூவிய புள்ளிகள், நல்லது. யோசனை எளிது. ஓரத்தில் மெல்ல மெல்ல மங்கும் ஒரு மாஸ்க், மேகம் மாதிரி ஒரு சாம்பல் படம், இரண்டையும் கூட்டி வெட்டுவது.

மாஸ்க்: 560×360 வெள்ளை, சுற்றிலும் 40 கறுப்பு, ப்ளர் 0×15. மேகம்: 640×440 அளவில் நடுத்தரச் சாம்பல் பலகை, அதில் நாய்ஸ் ரேண்டம். இங்கே நாய்ஸுக்கு முன்னால் பிளஸ் குறி. மைனஸ் போட்டால் அது நாய்ஸைக் குறைக்கும் வேறு வேலை. வண்ணப் பொட்டுகளாக வந்தால் கலர்ஸ்பேஸ் க்ரே சேருங்கள். பிறகு ப்ளர் 0×6. மங்கலாக்கினதும் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும், பயப்பட வேண்டாம், ஆட்டோ-லெவல் போட்டால் மேடு பள்ளம் வெளியே வரும்.

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து, இவால்யுவேட்-சீக்வன்ஸ் மீன். அதாவது இரண்டின் சராசரி. அப்புறம் த்ரெஷோல்ட் 50%. மாஸ்கின் நடுவில் மதிப்பு 1, மேகம் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் சராசரி பாதிக்குக் கீழே போகாது. வெளியே மதிப்பு 0, மேகம் எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும் பாதியைத் தாண்டாது. இடையில் இருக்கும் மங்கல் பகுதியில்தான் சண்டை. அங்கே ஓரம் பத்துப் பதினைந்து பிக்சல் வரை வளைந்து நெளிந்து போகும்.

ஒரு சின்னச் சிக்கல். ஆட்டோ-லெவல் மிக இருட்டான புள்ளியைச் சரியாகப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோகும். நடுவில் அப்படி ஒரு புள்ளி அமைந்தால் சராசரி சரியாகப் பாதி. த்ரெஷோல்ட் பாதியையும் கறுப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும், ஆகவே அட்டையின் நடுவில் ஊசியால் குத்தின மாதிரி ஓர் ஓட்டை. ஆட்டோ-லெவலுக்குப் பிறகு லெவல் 5%,95% போட்டுவிட்டால் இது வராது. இதற்கும் பிளஸ் குறிதான். இந்த ஓட்டையைத் தேடி நான் ஒரு மாலை முழுவதும் செலவழித்திருக்கிறேன்.

மேகத்தின் ப்ளர் எண் குடைவின் அகலம். மாஸ்கின் ப்ளர் எண் குடைவின் ஆழம். ஆழத்தைக் கூட்டினால் கறுப்பு வரப்பையும் அதற்கேற்பக் கூட்டுங்கள், ப்ளர் எண்ணைப் போல் இரண்டரை மடங்குக்குக் குறையாமல்.

கிழிசலே வேண்டாம். கையால் வரைந்த மாதிரி ஒரு கோட்டுப் பார்டர் போதும்.

வெள்ளைப் பலகையில் நேரான செவ்வகக் கோடு ஒன்றை வரைந்துகொள்ளுங்கள்: ஃபில் நன், ஸ்ட்ரோக் பிளாக், ஸ்ட்ரோக்விட்த் 4, ட்ரா ரெக்டாங்கிள் 30,30 610,410 (ரெக்டாங்கிளில் தொடங்கி எண்கள் முடிகிற வரை மேற்கோள் குறிக்குள்). மேலே சொன்ன மேகத்தையே ப்ளர் 0×12 வைத்து இன்னொன்று செய்யுங்கள். இரண்டையும் டிஸ்ப்ளேஸ் என்ற கம்போஸ் முறையில் சேர்க்க வேண்டும், எவ்வளவு தள்ளுவது என்பதை டிஃபைன் ஆப்ஷனில் 8×8 என்று கொடுக்கலாம். நடுச்சாம்பல் இருக்கும் இடத்தில் கோடு நகராது, வெளுப்பும் கறுப்பும் அதை எதிரெதிர்த் திசையில் தள்ளும். 8 என்பது உச்சவரம்பு. பெரும்பாலான இடத்தில் இரண்டு மூன்று பிக்சல்தான் நகரும்.

இதையே வேறு சீட் எண்ணில் இன்னொரு முறை செய்து, இரண்டு கோடுகளையும் மல்டிப்ளை முறையில் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். பென்சிலை இரண்டு தடவை ஓட்டின மாதிரி வரும். மூன்று தடவை செய்யாதீர்கள், கிறுக்கல் ஆகிவிடும்.

காகிதத்தைக் கிழித்தால் ஓரத்தில் வெள்ளையாக நார் தெரியுமே, அது?

இரண்டு மாஸ்க். போட்டோவை முதல் மாஸ்கால் வெட்டுங்கள். அதே அளவில் ஒரு வெள்ளைப் பலகையை இரண்டாவது மாஸ்கால் வெட்டுங்கள். இரண்டாவதற்கு வேறு சீட் எண், கூடவே மார்ஃபாலஜி டைலேட் டிஸ்க் கோலன் 3, அதாவது வெள்ளையைச் சுற்றிலும் மூன்று பிக்சல் வீங்க வைப்பது. வெள்ளைப் பலகையின் மேல் போட்டோ. இரண்டு ஓரமும் தனித்தனி வழியில் நெளிவதால் வெள்ளை ஓர் இடத்தில் தடித்தும் ஓர் இடத்தில் காணாமலும் போகும். நிஜக் காகிதமும் அப்படித்தான் கிழியும். அதே மாஸ்கை வீங்க வைத்துப் பயன்படுத்தினால் சீரான வெள்ளைக் கோடு வந்து, ஸ்டிக்கர் மாதிரி ஆகிவிடும்.

நிழல் வேண்டும் என்றால் ஷேடோ 60×3+4+4. அறுபது சதவீத அடர்த்தி, மூன்று மங்கல், நாலு பிக்சல் வலமும் கீழும். நிழல் படத்தின் அளவைத் தாண்டி வெளியே நீளும், ஆகவே லேயர்ஸ் மெர்ஜ் செய்து, பிளஸ் ரீபேஜ் போட்டு முடியுங்கள்.

அடைப்புக்குறி பிழை, நிறம் பிழை, சதவீதம் பிழை… எதை எழுதினாலும் திட்டுகிறது.

திட்டுவது பெரும்பாலும் இமேஜ்மேஜிக் இல்லை, ஷெல், அதாவது நீங்கள் டைப் செய்வதை வாங்கிக் கட்டளைக்குக் கொடுக்கும் நிரல். ஒரே வரியில் பல படங்களைத் தனித்தனியாகச் செய்து சேர்க்கத்தான் அடைப்புக்குறி. லினக்ஸ், மேக்கில் அதற்கு முன்னால் பின்சாய்வுக் கோடு, இரண்டு பக்கமும் இடைவெளி. விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் அந்தக் கோடு தேவையில்லை, பவர்ஷெல்லில் அடைப்புக்குறியை மேற்கோளுக்குள் வையுங்கள். ஹேஷ் குறியில் தொடங்கும் நிற எண்ணை எப்போதும் மேற்கோளுக்குள் எழுதுங்கள், இல்லையென்றால் லினக்ஸ் ஷெல் அதற்குப் பிறகு வருவதையெல்லாம் குறிப்புரை என்று நினைத்து விட்டுவிடும். விண்டோஸ் பேட்ச் கோப்பில் 50% என்பதை 50%% என்று இரட்டிக்க வேண்டும்.

ஒரு ஃபோல்டர் முழுக்க இருக்கும் படங்களுக்கு ஒரே நேரத்தில்?

ஷெல்லின் ஃபார் லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. ஒவ்வொரு கோப்பாக எடுத்து, மாஸ்க் போட்டு, வேறு ஃபோல்டரில் எழுதச் சொல்லுங்கள். மாக்ரிஃபை என்று கூட்டமாகச் செய்யும் கட்டளை ஒன்று உண்டு, ஆனால் அது மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். பாத் என்ற ஆப்ஷனில் வேறு ஃபோல்டரைக் காட்டினால்தான் மூலம் தப்பும். நான் காட்டாமல் ஓட்டி, ஒரு பயணத்தில் எடுத்த படம் அத்தனையையும் கிழித்து வைத்திருக்கிறேன். தப்பு என் மேல்தான், கட்டளை சொன்னதைச் செய்தது.

எல்லாப் படத்துக்கும் ஒரே மாஸ்க் போட்டு அவற்றை அடுத்தடுத்து வைத்தால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார், ஒரே இடத்தில் ஒரே கிழிசல். லூப்பின் எண்ணையே சீட் ஆகக் கொடுத்துவிடுங்கள். மாஸ்கை அப்படியே வைத்துத் தலைகீழாகவும் இடவலமாகவும் திருப்பினால்கூட நாலு வகை கிடைக்கும், ஃப்ளிப், ஃப்ளாப் இரண்டும் அதற்குத்தான்.

அட்டையில் தமிழ் எழுத்து போட்டேன். கட்டம் கட்டமாக வருகிறது. நண்பருக்குக் கட்டம் வரவில்லை, ஆனால் கொம்பு தப்பான இடத்தில் நிற்கிறது.

இரண்டும் வேறு வேறு நோய். கட்டம் வந்தால் எழுத்துருவில் தமிழ் இல்லை. ஃபான்ட் ஆப்ஷனில் நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு தமிழ் எழுத்துருவின் கோப்பைக் காட்டுங்கள், சரியாகும்.

கொம்பு இடம் மாறினால் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் இழுத்து வைக்கும் வேலையை வேறொரு நிரல் செய்ய வேண்டும். "கொ" என்றால் ஒரு குறியை இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் வைக்க வேண்டும். இமேஜ்மேஜிக்கில் அந்த வேலையைச் செய்வது ரக்ம் என்ற நூலகம், அது இல்லாமல் தொகுக்கப்பட்ட பதிப்பில் எழுத்துகள் சேமித்த வரிசையிலேயே அச்சாகும். மேஜிக் வெர்ஷன் என்று கேட்டால் டெலிகேட்ஸ் என்று ஒரு வரி வரும். அதில் ரக்ம் இருக்கிறதா பாருங்கள். இல்லை, ஆனால் பாங்கோ இருக்கிறது என்றால், வாசகத்தைப் படமாக்கும் கேப்ஷனுக்குப் பதில் பாங்கோ கோலன் என்று தொடங்கி எழுதுங்கள், அது எழுத்தைச் சரியாகக் கோக்கும்.

நீளமான வாசகத்தைக் கட்டளையிலேயே எழுதாமல் ஒரு கோப்பில் வைத்து, பெயருக்கு முன்னால் அட் குறி போட்டுப் படிக்கலாம். சில லினக்ஸ் பொதிகளில் பாதுகாப்புக்காக இந்த அட் குறியைத் தடுத்து வைத்திருப்பார்கள். அனுமதி இல்லை என்று வந்தால் பாலிசி என்ற எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து பாருங்கள்.

எழுத்தை மாஸ்க் போடுவதற்கு முன்பா பின்பா எழுதுவது என்றும் கேட்கிறார்கள். முன்பு. பின்பு எழுதினால் ஓரத்தில் இருக்கும் எழுத்து கிழியாமல் காற்றில் நிற்கும்.

பெரிய படத்தில் "கேஷ் ரிசோர்ஸஸ் எக்ஸாஸ்டட்" என்று நின்றுவிடுகிறது.

அதே பாலிசி கோப்பில் நினைவகத்துக்கும் அகல உயரத்துக்கும் வரம்பு எழுதியிருக்கும். லிஸ்ட் ரிசோர்ஸ் என்று கேட்டால் உங்கள் கணினியின் வரம்புகள் தெரியும். சொந்தக் கணினி என்றால் எண்ணைக் கூட்டலாம். அதற்கு முன்னால், அவ்வளவு பெரிய மாஸ்க் உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். 160 பிக்சலில் செய்து பெரிதாக்கும் வழியை மேலே சொன்னேன்.

வேறு கருவிகள் உண்டா?

உண்டு. கிராஃபிக்ஸ்மேஜிக்கிலும் ஸ்ப்ரெட் இருக்கிறது, ஆனால் அடைப்புக்குறி போட்டு ஒரே வரியில் எல்லாம் செய்கிற வசதி இல்லை, தனித்தனிக் கட்டளையாக ஓட்ட வேண்டும். கிம்ப்பில் டெக்கர் பட்டியலுக்குள் ஃபஸி பார்டர் என்றே ஒன்று தயாராக இருக்கிறது. எந்த அளவிலும் உடையாத படம் வேண்டும் என்றால் எஸ்விஜி. அதில் டர்புலன்ஸ், டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப் என்று இரண்டு ஃபில்டர்கள் உண்டு. மேலே மேகத்தை வைத்துக் கோட்டைத் தள்ளினோமே, அதே வித்தைதான், கணக்கைப் பிரவுசர் செய்துவிடும். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். திரையில் மட்டும் தெரிய வேண்டியதற்கு எஸ்விஜி, அச்சுக்கும் மற்றவருக்கு அனுப்புவதற்கும் பிஎன்ஜி.